கோழிக்கு மருந்து தேடுமுன் நோயைத் தேடுவோம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வெயில் ஏறத் தொடங்கிவிட்டால் ஊர்ப்புறங்களில் வீட்டுக் கோழிகள் கொத்துக்கொத்தாகச் சாவது ஆண்டுதோறும் நடப்பதுதான். முந்தைய நாள் மாலைவரை குப்பையைக் கிளறிக்கொண்டிருந்த கோழி, காலையில் பஞ்சாரத்தைத் தூக்கினால் இறக்கையைத் தொங்கவிட்டு உறங்கி வழிகிறது. உடனே மருந்துக் கடையில் மனிதர்களுக்கு விற்கும் டெட்ராசைக்ளினை வாங்கித் தண்ணீரில் கரைத்து ஊற்றுகிறார்கள். அது கேட்காவிட்டால், எஞ்சியவற்றைச் சீக்கு முற்றுமுன் வாரச்சந்தைக்குக் கொண்டுபோய் வந்த விலைக்குத் தள்ளிவிடுகிறார்கள். என்ன நோய் என்று யாரும் கேட்பதில்லை. கால்நடை ஆய்வாளராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்ற முறையில், இந்தக் கேள்வியை ஏன் முதலில் கேட்க வேண்டும் என்பதைத் தங்கள் நாளிதழ் வழியாக எடுத்துச்சொல்ல விரும்புகிறேன்.

கோழி கழிந்தாலே வெள்ளைக்கழிச்சல் என்று முடிவு கட்டுவது நம் வழக்கம். ராணிக்கெட் எனப்படும் அந்த நோயில் எச்சம் பச்சையும் வெள்ளையுமாகப் போகும். கோழி அலகைத் திறந்து மூச்சுக்குத் திணறும். பிழைத்துக் கிடப்பவற்றில் சில கழுத்து திருகிக்கொண்டு வானத்தைப் பார்த்தபடி சுற்றிச் சுற்றி வரும். ஒரு வீட்டில் தொடங்கி ஓரிரு வாரத்தில் தெரு முழுவதும் பரவுவது இதன் இயல்பு. இது வைரஸ் எனும் நச்சுயிரியால் வருவதால் டெட்ராசைக்ளின் உட்பட எந்த நுண்ணுயிர்க்கொல்லியும் (ஆன்டிபயாடிக்) இதைத் தீர்ப்பதில்லை. ஆனால் தாய்க்கோழிகள் நன்றாக இருக்க, மூன்றிலிருந்து எட்டு வார வயதுக் குஞ்சுகள் மட்டும் சுருண்டு, எச்சத்தில் இரத்தம் தெரிந்தால், ஈரத் தரையில் அடைத்து வைப்பதால் வரும் இரத்தக்கழிச்சலாக அது இருப்பதற்கே வாய்ப்பு அதிகம். அதற்கு அம்ப்ரோலியம் போன்ற மருந்து உண்டு, உரிய நேரத்தில் கொடுத்தால் குஞ்சுகள் பிழைக்கும். முகம் வீங்கி மூக்கில் நாற்றத்துடன் சளி வடிவது வேறு நோய். கொண்டையிலும் கண்ணோரத்திலும் கொப்புளம் வெடிப்பது அம்மை.

நோயே இல்லாத சாவும் உண்டு. காலையில் மேயப் போன கோழிகள் அத்தனையும் மதியத்துக்குள் விழுந்துவிட்டன, அடுத்த வீட்டில் அடைத்து வைத்திருந்தவை நலமாக இருக்கின்றன என்றால், முதலில் பக்கத்து வயலை விசாரிக்க வேண்டும். அப்படி இறந்த கோழியின் கழுத்தடி இரைப்பையை மருத்துவர் திறந்தால், நச்சு மருந்து கலந்து விதைநேர்த்தி செய்த சோள விதைகள் இளஞ்சிவப்புச் சாயம்கூடப் போகாமல் கிடப்பதுண்டு. பூச்சிக்கொல்லி தெளித்த வயலில் செத்த பூச்சிகளைப் பொறுக்கித் தின்று விழுபவையும் இருக்கின்றன. மழைக்காலத்தில் பூஞ்சை பிடித்த மக்காச்சோளமும் கடலைப் பிண்ணாக்கும் ஈரலைக் கெடுத்து, சிறுகச் சிறுகக் கொல்லும்.

ஆகவே, இறந்த கோழியைப் பிணக்கூறாய்வு செய்து பார்ப்பதுதான் மிகவும் நம்பத்தக்க வழி. சுரப்பு இரைப்பையின் உட்சுவரில் ஊசிமுனைச் சிவப்புப் புள்ளிகள் இருந்தால் ராணிக்கெட் என்ற ஐயம் வலுக்கும். குருட்டுக்குடல் இரத்தம் கட்டி உப்பியிருந்தால் இரத்தக்கழிச்சல். குடலுக்குள் நூலாகத் திரண்டிருந்தால் வட்டப்புழு. இவற்றை எழுதுவதால் யாரும் வீட்டிலேயே அறுத்துப் பார்க்க முற்படக் கூடாது. காகங்களோ வாத்துகளோ சேர்ந்து சாகும் இடத்திலும், கொண்டை நீலம் பாரித்துத் தலை வீங்கிக் கோழிகள் திடீரென மடியும் இடத்திலும் பறவைக் காய்ச்சலை நினைத்தே ஆக வேண்டும். இந்தியாவில் 2006இல் மகாராஷ்டிரத்தின் நவாப்பூரில் முதன்முதலாகக் கண்டறியப்பட்ட அந்த நோய் பின்னர் கேரளத்தின் ஆலப்புழை வாத்துப் பண்ணைகள் வரை வந்ததை நாம் மறந்துவிடக் கூடாது. அத்தகைய நிலையில் சடலத்தைத் தொடாமல் கால்நடை மருந்தகத்துக்குச் சொல்லிவிடுவதே சரி. மற்ற நேரங்களில், கையில் உறை மாட்டி, இரண்டு பிளாஸ்டிக் பைகளில் கட்டி, பனிக்கட்டி வைத்து அன்றைக்கே கொண்டுபோக வேண்டும். அழுகிய சடலத்தில் எதுவும் தெரியாது. குளிர்பெட்டியில் உறையவைத்ததும் பயன்படாது.

இனி, கால்நடைத் துறையினருக்கு ஒரு வேண்டுகோள். பிப்ரவரியில் நடத்தும் கோழிக்கழிச்சல் (ராணிக்கெட்) தடுப்பூசி இருவார முகாம் நல்ல ஏற்பாடு. ஆனால் கோழி பிப்ரவரிக்காகக் காத்திருந்து அடையில் உட்காருவதில்லை. சித்திரையில் பொரித்த குஞ்சுக்கு ஏழாம் நாளில் கண்ணிலோ மூக்கிலோ சொட்டுமருந்தும், எட்டாம் வாரத்தில் ஊசியும் தேவைப்படும்போது முகாம் முடிந்து மாதங்கள் ஆகியிருக்கும். மருந்தகத்துக்குப் போனாலோ, நூறு கோழிக்கான குப்பியை எட்டுக் கோழிக்காக உடைக்க முடியாது என்பார்கள். அதிலும் நியாயம் இருக்கிறது: கரைத்த மருந்து ஓரிரு மணி நேரத்தில் வீரியம் இழந்துவிடும், அதுவரை பனிக்கட்டியிலேயே இருக்க வேண்டும். எனவே ஒவ்வொரு மருந்தகமும் மாதத்தில் ஒரு நாளைக் கோழி நாள் என்று முன்கூட்டியே அறிவித்து, ஊராட்சி மூலம் தண்டோரா போட்டோ வாட்ஸ்அப்பில் தெரிவித்தோ பெண்களை ஒன்றுசேர்த்தால் குப்பி வீணாகாது. ஊர்க்கோழி வளர்ப்பின் வருமானம் பெரும்பாலும் பெண்களின் கையில் சேரும் சில்லறை என்பதால், அறிவிப்பு அவர்கள் காதுக்கு எட்டுவது முக்கியம். ஊசியே வேண்டாதபடி தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் உருவாக்கிய குருணை வடிவத் தடுப்புமருந்தையும் அந்த நாளில் கிடைக்கச் செய்யலாம். அதே நாளில், கொண்டுவரும் இறந்த கோழிகள் பிணக்கூறாய்வு செய்யப்படும் என்று மருந்தக வாசலில் ஒரு பலகையும் வைக்கட்டும்; இப்படி ஒரு வசதியைக் கேட்கலாம் என்பதே பலருக்கும் தெரியாது.

வாரச்சந்தைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. சீக்குக் கோழியைக் கூடையில் வைத்து விற்பவரிடம் வாங்கிப்போகிறவர், நோயையும் சேர்த்துத்தான் பத்து ஊருக்குக் கொண்டுபோகிறார். புதிதாக வாங்கிய கோழியை இரண்டு வாரமாவது தனியே கட்டி வைக்கும் வழக்கம் நம்மிடம் இல்லை. சந்தையை ஏலம் விடும் ஊராட்சிகள், நோய் பரவும் மாதங்களிலாவது வாயிலில் கால்நடைத் துறை ஊழியர் ஒருவர் நிற்க ஏற்பாடு செய்ய வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற கால்நடை ஆய்வாளர்,
மணப்பாறை.