'கே' எங்கே போச்சு?

சேலத்துப் பள்ளிகளில் ஆங்கிலம் நடத்தும் ஆசிரியர்களுக்கு, ஏற்காட்டிலிருந்து ஓர் அப்பாவின் வணக்கம்.

போன வாரம் பையனோடு பஸ்ஸில் மலை ஏறினேன். 20 கொண்டை ஊசி வளைவிலும் அவன் தலை நிமிரவில்லை. மடியில் நோட்டு. கத்தியைக் குறிக்கும், 'கே'யில் தொடங்கும் 'நைஃப்' என்ற ஆங்கிலச் சொல்லை எழுதிக்கொண்டே வந்தான். வளைவுக்கு வளைவு எழுத்து சாய்ந்தது. வகுப்பில் 'க்னைஃப்' என்று வாசித்துவிட்டானாம், 50 தடவை இம்போசிஷன். "கே எங்கப்பா போச்சு?" என்றான். "அது சைலன்ட்" என்றேன். வகுப்பிலும் அதே பதில்தானாம்.

ஆனால் அவன் வாசித்தது ஒரு காலத்தில் சரி. ஆங்கிலேயர்களே அந்த 'கே'யை உச்சரித்தவர்கள்தான். 17-ஆம் நூற்றாண்டு வாக்கில் வாய் அதை விட்டுவிட்டது. 1476-லேயே இங்கிலாந்துக்கு அச்சுக்கூடம் வந்துவிட்டதால் எழுத்து மட்டும் தாளில் தங்கிவிட்டது. இரவைக் குறிக்கும் 'நைட்'டில் உள்ள ஜி-எச்சும் அப்படித்தான், முன்பு தொண்டையிலிருந்து வந்த ஓசை. கடனைக் குறிக்கும் 'டெட்'டில் உள்ள 'பி' வேறு ரகம். லத்தீன் மூலத்தைக் காட்ட அறிஞர்கள் நடுவில் செருகியது அது.

சி-எச்சைப் பாருங்கள். பிரெஞ்சிலிருந்து முன்னமே வந்தது நாற்காலியைக் குறிக்கும் 'சேர்'. அப்புறம் பிரெஞ்சுக்காரர்களின் உச்சரிப்பே மாறியது. பிந்தி வந்த 'மெஷின்' அந்த 'ஷ'வோடு வந்தது. 'ஸ்கூல்', 'ஸ்டொமக்' கிரேக்க வழி, அதனால் 'க்'.

நம்மிடமும் ஓர் எழுத்துக்கு ஒரே ஓசை கிடையாது. 'சேலம்', 'பச்சை' இரண்டிலும் ஒரே 'ச'தானே? தமிழில் இடம் பார்த்து ஓசை மாறும், ஆங்கிலத்தில் பெரும்பாலும் சொல் பிறந்த வீட்டைப் பார்த்து மாறும். இதைச் சொல்லிவிட்டால் பிள்ளைக்குப் பாதி பயம் போய்விடும். டி-எச்சுக்கு நம் வாயே உதவும்: 'அது' என்னும்போது வரும் 'து'வின் ஓசைதான் 'தட்', 'திஸ்' இரண்டுக்கும் நெருங்கிய சொந்தம்.

போர்ஷன் முடிக்கிற அவசரம் உங்களுக்கு. புரிகிறது. ஒரு பீரியட் மட்டும் கேட்கிறேன்: ஒரே வீட்டுச் சொற்களைச் சேர்த்துக் கரும்பலகையில் எழுதிக் காட்டுங்கள், இம்போசிஷனை விடுங்கள். சேர்வராயன் மலையை 'ஷெவராய்' ஆக்கியவர்களை நாம் 50 தடவை எழுத வைத்தோமா என்ன?

திங்கட்கிழமை டெஸ்ட்டில் இருமலைக் குறிக்கும் 'காஃப்', 'வழியாக' என்னும் 'த்ரூ' இரண்டும் வருகிறதாம். ஒன்றில் ஜி-எச் 'ஃப்', மற்றதில் ஊமை. அதற்குள் அந்த பீரியட் கிடைத்தால் நல்லது.