அபராதம் கட்டினால் கணக்குத் தீராது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு உங்கள் வேலைவாய்ப்புப் பக்கத்தில் டெலிவரி வேலை தேடும் பொடியன்களுக்கு ஒரு யோசனை சொல்லியிருந்தீர்கள். குடித்துவிட்டு வாகனம் ஓட்டிய வழக்கு இருந்தாலும், அபராதத்தைக் கட்டிவிட்டால் கணக்குத் தீர்ந்தது, நேர்முகத்தில் அதைப்பற்றி வாயே திறக்க வேண்டாம் என்று. வருடக்கணக்காக வாங்கி வாசிக்கும் பத்திரிகையில் இதைப் பார்த்தது மனதை நோகச் செய்தது. டெலிவரிக்கு ஆள் எடுக்கும் மேசையில் இருப்பவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் இந்த வரி அச்சுக்குப் போயிருக்காது.

அந்த வழக்கில் இரண்டு விஷயங்கள் இருப்பது தங்களுக்குத் தெரியாததல்ல. ஒன்று அபராதம், குறைந்தது 25,000 ரூபா. மற்றது சாரதி அனுமதிப்பத்திரத்தை நீதவான் இடைநிறுத்துவது. காசு கட்டியதும் முதலாவது தீரும். இரண்டாவது, கட்டளையில் சொன்ன நாள் வரை ஓடிக்கொண்டேயிருக்கும். கட்டளை சிங்களத்தில் வாசிக்கப்பட, தமிழ்ப் பிள்ளைகள் பலர் பாதி விளங்கிப் பாதி விளங்காமல் அபராத ரசீதை மட்டும் வாங்கிக்கொண்டு, மறுநாளே மோட்டார் சைக்கிளில் ஏறுகிறார்கள். பிடிபட்டால் அது வேறொரு வழக்கு. வேலைக்கு வைத்தவரும் குற்றவாளி. தமிழ் 1987 இலிருந்து அரச கரும மொழி. நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளரைக் கேட்டு வாங்கலாம் என்பதை மலையகத்திலிருந்து கொழும்புக்கு வந்து வண்டி ஓட்டும் பிள்ளைகளுக்கு உங்கள் பத்திரிகை ஒருதரமாவது சொல்லியதுண்டா?

மறைத்தால் என்ன நடக்கும் என்பதையும் எழுதியிருக்க வேண்டும். கொம்பனி வான் ஓட்டப் போகிறவரின் பழைய வழக்கைக் காப்புறுதிக் கொம்பனி கேட்கும். இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டு ஒரு நாள் வான் மோதினால், அந்தப் பொய்யையே காரணமாகப் பிடித்து வாகனச் சேதத்துக்குக் காசு தர மறுக்க இடமுண்டு. முதலாளி அதை ஓட்டினவரின் சம்பளத்தில்தான் கழிக்கப் பார்ப்பார். உண்மையைச் சொன்னவருக்கு வேலை கிடைக்காமல் போகலாம். மறைத்தவருக்கு வேலையும் போய்க் கடனும் சேரும்.

சொல்வதற்கும் ஒரு முறை உண்டு. முதலில் நீதிமன்றப் பதிவாளர் காரியாலயத்தில் வழக்கு இலக்கத்தையும் திகதியையும் கொடுத்து, தீர்ப்பின் சான்றுப்படுத்திய பிரதி எடுக்க வேண்டும். அபராத ரசீதைப் பலர் நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துத் திரிகிறார்கள். வியர்வையில் மை கரைந்து, மடிப்பில் வழக்கு இலக்கத்தின் கடைசி எண் போய்விடும். பிறகு அந்த வழக்கைத் தேடி எடுக்கப் புதுக்கடை நீதிமன்றப் படியில் நாள்கணக்கில் நிற்கவேண்டும். கட்டிய அன்றே போட்டோப் பிரதி எடுத்து வையுங்கள். அனுமதிப்பத்திரம் திரும்பக் கைக்கு வந்ததற்கு அத்தாட்சி, கிராம உத்தியோகத்தர் சான்றிதழ், வழக்குக்குப் பிறகு வேலை செய்த இடத்தின் கடிதம் ஆகியவை ஒரே பைலில் இருக்கட்டும். நேர்முகத்தில் வருடம், எத்தனை தரம், இடைநிறுத்தம் முடிந்த நாள், இந்த மூன்றையும் சுற்றி வளைக்காமல் சொல்லிவிட வேண்டும். பல வருடத்துக்கு முந்திய ஒரு வழக்கையும் இரண்டு வருடத்துக்குள் வந்த இரண்டு வழக்குகளையும் ஒரே கண்ணால் யாரும் பார்ப்பதில்லை.

அனுமதிப்பத்திரம் இல்லாத காலத்திலும் இந்தத் தொழிலை விட்டுப் போகத் தேவையில்லை. சைக்கிளில் சாப்பாடு கொண்டுபோக அனுமதிப்பத்திரம் வேண்டாம். மின்சார ஸ்கூட்டரைச் சைக்கிள் என்று நினைத்து ஏறிவிடக் கூடாது, அதற்கு வேண்டும். புறக்கோட்டை நான்காம் குறுக்குத் தெருவில் அரிசி, வெங்காயம் ஏற்றும் சிறிய பட்டா லொறிகளுக்கு உதவியாள் எப்போதும் தேவை. கூரியர் களஞ்சியங்களில் பொதி பிரிக்கும் வேலையும் உண்டு. பாதைகளும் கடைக்காரரும் பழகிவிட்டால், பத்திரம் திரும்பியதும் ஸ்டியரிங்கைக் கொடுக்க அதே முதலாளி முன்வருவார். தெரியாத ஆளை விடத் தெரிந்த ஆள் மேல்.

இன்னொன்றையும் நீங்கள் தொடவேயில்லை. இரண்டாவது வழக்கு எப்போதும் இரவில்தான் வரும் என்றில்லை, விடியற்காலையிலும் வரும். சட்ட எல்லை 100 மில்லிலீற்றர் இரத்தத்தில் 80 மில்லிகிராம் மது. உடம்பு மணிக்குச் சுமார் 15 மில்லிகிராம்தான் குறைக்கும். நடுச்சாமத்தில் 180 இல் படுத்தவர் ஐந்து மணிக்குப் பேலியகொடைச் சந்தைக்கு லொறி எடுக்கும்போது 105 இல் இருப்பார். குளிப்பும் வெறுந்தேத்தண்ணியும் நித்திரையைக் கலைக்குமே தவிர இந்தக் கணக்கை மாற்றாது. தான் வெறியில் இல்லை என்று மனதார நம்பித்தான் அவர் பொலிசாரின் மதுச் சோதனைப் பலூனை ஊதுகிறார். குடியை விட முடியாதவர்களுக்கு அங்கொடை தேசிய மனநல நிறுவகத்தில் சிகிச்சை உண்டு. ஆனால் அங்கொடை என்றாலே விசர் என்று பேசிப் பேசி, அந்த வாசலை மிதிக்க ஒருவரும் துணிவதில்லை. அந்தப் பேச்சை வளர்த்ததில் பத்திரிகைகளுக்கும் பங்குண்டு.

சிறு விளம்பரப் பக்கத்தைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க முடியவில்லை. ‘மதுப்பழக்கமற்ற சாரதி தேவை’ என்று வாரம் தவறாமல் வருகிறது. எந்த வகை அனுமதிப்பத்திரம் என்பது அதில் இருப்பதில்லை. பஸ் காசைக் கடன் வாங்கி வத்தளையிலிருந்து வெள்ளவத்தைக்கு வந்து நின்ற பிறகுதான், வேண்டியது சி1 லொறிப் பத்திரம், கையில் இருப்பது முச்சக்கர வண்டிக்கான பி1 என்று தெரியவருகிறது. பழைய வழக்கு உள்ளவர் என்றால் காரணமே சொல்லாமல் பிறகு அறிவிக்கிறோம் என்பார்கள். அந்த அறிவிப்பு வருவதேயில்லை.

நான் கேட்பது இவ்வளவுதான். அடுத்த ஞாயிறு அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில், அந்த வரியைத் திருத்திப் போடுங்கள். சாரதி விளம்பரம் எடுப்பவர்களிடம் அனுமதிப்பத்திர வகையையும், பழைய வழக்கு உள்ளவர் விண்ணப்பிக்கலாமா என்பதையும் கேட்டு எழுதச் சொல்லுங்கள். இரண்டு வரி இடம் போதும்.

இப்படிக்கு,
வாசகர்,
கொட்டாஞ்சேனை, கொழும்பு 13.