தவிலுக்கு ஒரு குரூப், நாயனத்துக்கு ஒரு குரூப்

ஆசிரியருக்கு வணக்கம்.

கும்பகோணம், மயிலாடுதுறை, திருவாரூர்ப் பக்கத்துக் கோயில் விழாக்களில் நாதஸ்வரக் கச்சேரி என்றால், "தவில்தான் இடிக்கிறது, நாயனம் அமுங்கிப் போகிறது" என்ற குறை தவறாமல் வருகிறது. விழாக் குழுவினர் உடனே இன்னும் இரண்டு பாக்ஸ் வைக்கச் சொல்கிறார்கள். எத்தனை பாக்ஸ் வைத்தாலும் அமுங்கிய நாயனம் அமுங்கியபடியேதான் இருக்கும். கோளாறு, மைக்குகளின் ஒலியைக் கலக்கும் மிக்சரில். தவிலுக்கும் நாயனத்துக்கும் அதில் தனித்தனி குரூப் (சில மைக்குகளின் ஒலியை ஒன்றுசேர்த்து அனுப்பும் வழி) வைப்பதுதான் மருந்து.

எல்லா மைக்கையும் நேரே மெயினுக்கு (பாக்ஸுக்குப் போகும் இறுதி வழி) அனுப்பி, மெயினில் ஒரே ஒரு கம்ப்ரசரை (ஒலி எகிறும்போது அமுக்கும் கருவி) போட்டுவிடுவதுதான் இங்கே பரவலான பழக்கம். எது தவில், எது நாயனம் என்று கம்ப்ரசருக்குத் தெரியாது. தவிலின் குச்சிப் பக்கமான தொப்பியில் அடி விழும்போதெல்லாம் அது மொத்த ஒலியையும் இறக்கும். நாயனக்காரர் நீண்ட கார்வை (ஒரே சுரத்தில் நிற்பது) பிடிக்கும்போது காது கொடுத்துப் பாருங்கள். ஒவ்வொரு அடிக்கும் கார்வை குழிந்து குழிந்து எழும்.

இரண்டு நாயனம், இரண்டு தவில், சுருதிப் பெட்டி கொண்ட வழக்கமான செட்டுக்கு ஏழு சேனல் (மிக்சரில் ஒவ்வொரு மைக்குக்கும் உள்ள வழி) போதும். தவில் ஒன்றுக்கு, விரலால் வாசிக்கும் வலந்தலையில் ஒரு மைக், தொப்பியில் ஒரு மைக். தாளத்துக்குத் தனி மைக் வேண்டாம். நாம் கேட்காமலேயே அது எல்லா மைக்கிலும் ஏறிக்கொள்ளும். முதலில் சேனல் சேனலாகக் கெயினை (மைக் ஒலி உள்ளே வரும் அளவு) சரிசெய்யுங்கள். ஒன்று எகிறி ஒன்று தாழ்ந்து கிடந்தால், குரூப்பில் போடும் கம்ப்ரசர் எகிறிய மைக்கை மட்டும் பார்த்தே வேலை செய்யும். நாயனத்துக்கு 120 ஹெர்ட்ஸில் லோகட் (அதற்குக் கீழான ஒலியை வெட்டுவது) போடலாம்.

தவிலில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஒரு பக்கத்துத் தோலை அடித்தால் அது உள்ளே போகும். அந்தக் காற்றழுத்தத்தில் மறுபக்கத் தோல் வெளியே வரும். எதிரெதிர்ப் பக்கம் பார்க்கும் இரண்டு மைக்குகளும் ஒன்றை ஒன்று அடித்துக்கொண்டு பேஸ் காணாமல் போகும். தொப்பிச் சேனலில், ஒலி அலையைத் தலைகீழாக்கும் போலாரிட்டி பொத்தானை அழுத்தியும் விட்டும் கேட்டு, எதில் நாதம் கனமாக வருகிறதோ அதை வைத்துக்கொள்ளுங்கள். ஈக்வலைசரைத் திருகும் முன்பே இதைச் செய்துவிட வேண்டும்.

பிறகு தவிலின் நான்கு சேனல்களை ஒரு குரூப்புக்கும், நாயனம் இரண்டை இன்னொரு குரூப்புக்கும் அனுப்புங்கள். சுருதிப் பெட்டி நேரே மெயினுக்குப் போகட்டும். குரூப்புக்கு அனுப்பிய சேனல்களில் மெயின் பொத்தானை அணைக்க வேண்டும். அதிகம் பேர் தவறுவது இங்கேதான். அணைக்காவிட்டால் ஒரே ஒலி இரண்டு வழியாக மெயினில் போய்ச் சேரும். குரூப் ஃபேடரை (ஒலியை ஏற்றி இறக்கும் நகர்த்தி) முழுக்க இறக்கினாலும் தவில் ஓயாது. சில டிஜிட்டல் மிக்சர்களில் குரூப் வழி வரும் ஒலி சற்றுத் தாமதமாக வரும். அரை மில்லி விநாடி தாமதித்தாலே 1000 ஹெர்ட்ஸ் அருகில் பள்ளம் விழுந்து, குடத்துக்குள் வாசிப்பதுபோல் ஆகிவிடும்.

தவில் குரூப்பில் கம்ப்ரசர் விகிதம் 4:1 (எல்லை தாண்டும் 4 டெசிபலை 1 ஆக அமுக்குவது), அட்டாக் (அமுக்கத் தொடங்கும் நேரம்) 15 மில்லி விநாடி, ரிலீஸ் (அமுக்கியதை விடும் நேரம்) 100 மில்லி விநாடி என்று தொடங்கலாம். அட்டாக்கை அதற்கும் குறைத்தால் விரலில் மாட்டும் கூடுகளின் சொற்கட்டு மழுங்கும். நாயனத்துக்கு 2:1 போதும். மீட்டரில் 3 டெசிபலுக்கு மேல் இறங்க விடாதீர்கள். இறங்கியதை ஈடுகட்ட, கம்ப்ரசரின் மேக்கப் கெயினில் 4 டெசிபல் ஏற்றினால், மைக் கூவுவதற்கு இருந்த இடைவெளியிலும் அதே 4 டெசிபல் போய்விடும். மேடை மானிட்டருக்கு (கலைஞர்கள் கேட்கும் பாக்ஸ்) ஒலி அனுப்பும் ஆக்ஸ் வழி, சேனலிலிருந்தே பிரிவதால், குரூப்பில் செய்யும் எதுவும் கலைஞர்களின் காதுக்குப் போகாது. வாசிப்பவர்களுக்கு அதுவே நல்லது.

டிஜிட்டல் மிக்சரில் உள்ள டிசிஏவையும் குரூப்பையும் ஒன்றென்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். டிசிஏ வழியாக ஒலி போவதில்லை. அது பல ஃபேடர்களைத் தூரத்திலிருந்து நகர்த்தும் கை மட்டுமே. அதில் கம்ப்ரசர் போட முடியாது. ஆனால் பாட்டுக் கச்சேரியில் ரிவெர்ப் ஓடும்போது குரூப் ஃபேடரை இறக்கினால் குரல் போய் எக்கோ மட்டும் மிதக்கும். டிசிஏவை இறக்கினால் இரண்டும் சேர்ந்தே இறங்கும். கம்ப்ரசருக்குக் குரூப், ஏற்ற இறக்கத்துக்கு டிசிஏ என்று பிரித்துக்கொள்வது எங்கள் பரிந்துரை.

திருவையாறு ஆராதனையில் பஞ்சரத்னம் பாடுவதுபோல ஊர்க் கோயில்களிலும் கோஷ்டியாகப் பாடுகிறார்கள். அங்கே ஆளுக்கொரு மைக் கேட்பதுதான் வினை. திறந்திருக்கும் மைக் இரட்டிக்கும் ஒவ்வொரு முறையும் கூவுவதற்கு 3 டெசிபல் நெருங்கிவிடுகிறோம். எட்டு மைக் திறந்தால் 9 டெசிபல் காலி. மைக்கைக் குறைத்து, கோஷ்டி மைக்குகளைத் தனி குரூப்பாக்கி, கூவும் அலைவரிசையை அந்தக் குரூப்பின் ஈக்வலைசரில் மட்டும் வெட்டுங்கள். மெயினில் வெட்டினால் வயலினும் மிருதங்கமும் வீணாகச் சேதப்படும்.

பழைய அனலாக் மிக்சரிலும் சப் (குரூப்) 1-2, 3-4 பொத்தான்களும் அவற்றின் நடுவே வெளிக் கருவியைச் செருகும் இன்செர்ட் ஜாக்கும் இருந்தால், வெளியே ஒரு இரட்டைக் கம்ப்ரசர் வைத்து இதே வேலையை முடித்துவிடலாம்.

விழாக் குழுவினர் மைக் செட் பேசும்போது, எத்தனை பாக்ஸ் என்று கேட்பதோடு மிக்சரில் எத்தனை குரூப், ஒவ்வொன்றிலும் கம்ப்ரசர் உண்டா என்றும் கேட்க வேண்டும். கச்சேரிக்கு அரை மணி முன்பே கலைஞர்களை மேடையேற்றி ஒலியைச் சரிபார்க்க விடுங்கள். முதலில் வாசிக்கும் மல்லாரி தொடங்கிய பிறகு கெயின் தேடிக்கொண்டிருக்கக் கூடாது.

– ஒலி அமைப்பாளர்கள், கும்பகோணம்