யுனைடெட்டின் எழுபதுகள்: முருகேசனுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள முருகேசா,

உன் கடிதம் வந்தது. இங்கே எல்லோரும் நலம். உன் பேரன் பள்ளி அணியில் லெஃப்ட் விங் ஆடுகிறான் என்று எழுதியிருந்தாய், சந்தோஷம். கீழே கோர்டன் ஹில் பற்றி வரும் இடத்தை அவனுக்கும் படித்துக் காட்டு.

இப்போது சண்டைக்கு வருகிறேன். இங்கிலாந்துக் கால்பந்து கிளப்பான மான்செஸ்டர் யுனைடெட்டின் எழுபதுகளுக்கு நீ போட்ட பதினொருவர் அணியில் ஜார்ஜ் பெஸ்ட், டெனிஸ் லா, பாபி சார்ல்டன் மூன்று பேரும் இருக்கிறார்கள். அவர்கள் அறுபதுகளின் ஆட்கள் அப்பா. 1968இல் ஐரோப்பியக் கோப்பையை வென்ற அணியைப் புதுப்பிக்க வேண்டிய நேரத்தில் யாரும் கை வைக்கவில்லை. அந்த வினைதான் எழுபதுகளில் விளைந்தது. மேனேஜர் மாட் பஸ்பி 1969இல் பொறுப்பை விட்டார். அடுத்து வந்த வில்ஃப் மெக்கின்னஸ் 1970 டிசம்பரில் போனார், மிச்ச சீசனைப் பஸ்பியே வந்து ஓட்டினார். அடுத்து ஃப்ராங்க் ஓஃபாரல், ஒன்றரை வருஷம். 1969-70 தொடங்கி மூன்று சீசனும் 8ஆம் இடம். அதில் 1971-72தான் வயிற்றெரிச்சல்: கிறிஸ்துமஸ் வரை பட்டியலின் உச்சியில் இருந்துவிட்டு, புத்தாண்டு பிறந்ததும் வரிசையாக 7 லீக் ஆட்டங்களைத் தோற்றார்கள்.

பெஸ்ட் 1970 பிப்ரவரியில் நார்தாம்ப்டன் வலையில் தனி ஆளாக 6 கோல் போட்டார், மறுக்கவில்லை. ஆனால் 1974 ஜனவரி 1ஆம் தேதி கியூ.பி.ஆரிடம் 3-0 என்று தோற்ற ஆட்டத்தோடு யுனைடெட்டில் அவர் கணக்கு முடிந்தது. அப்போது அவருக்கு வயது 27. சார்ல்டன் அதற்கு முந்தைய ஏப்ரலிலேயே 758 ஆட்டம், 249 கோல் என்று விடைபெற்றுவிட்டார்.

லா விஷயத்தில் ஒரு பழைய கட்டுக்கதையை நீயும் எழுதியிருக்கிறாய். 1974 ஏப்ரல் 27 அன்று எதிரணியான மான்செஸ்டர் சிட்டியின் சட்டையோடு யுனைடெட்டின் மைதானமான ஓல்ட் டிராஃபோர்டு வந்து, குதிகாலால் பந்தைத் தள்ளி அவர் யுனைடெட்டை ஒரு படி கீழே, இரண்டாம் டிவிஷனுக்கு அனுப்பிவிட்டார் என்கிறாய். கணக்குப் போட்டுப் பார். அப்போது வெற்றிக்கு 2 புள்ளி. அந்த ஆட்டம் தொடங்கும்போது யுனைடெட்டிடம் 32 புள்ளி, பாக்கி 2 ஆட்டம். இரண்டையும் வென்றாலும் 36தான். பர்மிங்ஹாம் அன்றைக்கே நார்விச்சை வென்று 37இல் முடித்தது. லா அடித்தாலும் அடிக்காவிட்டாலும் இறக்கம் உறுதி. மூன்று அணிகளை இறக்கும் விதி அந்த சீசனில்தான் வந்தது, அதனால் மாட்டிக்கொண்டார்கள் என்பதும் சரியில்லை. 22 அணிகளில் யுனைடெட் முடித்தது 21ஆம் இடத்தில், கடைசி இரண்டை மட்டும் இறக்கும் பழைய விதிப்படியும் கீழேதான். புது விதியில் பலியானது 20ஆவதாக வந்த சவுத்தாம்ப்டன்.

உண்மையில் அந்த அணியைச் சாய்த்தது கோல் வறட்சி. 42 லீக் ஆட்டத்தில் 38 கோல். வாங்கியது 48, இறங்கும் அணிக்கு அது ஒன்றும் மோசமில்லை. லீக்கில் அதிகம் அடித்த சாமி மெக்கில்ராயின் கணக்கே 6தான். பெனால்டி அடிக்கக்கூட ஆள் இல்லாமல் கோல்கீப்பர் அலெக்ஸ் ஸ்டெப்னியை முன்னே அனுப்பினார்கள். லெஸ்டருக்கு எதிராக ஒன்று, பர்மிங்ஹாமுக்கு எதிராக ஒன்று அடித்து, கிறிஸ்துமஸ் சமயத்தில் அணியின் அதிக கோல் வரிசையில் அவரும் நின்றார்! ஒரு கிளப்பின் நிலைமையைச் சொல்ல இதைவிட என்ன வேண்டும்?

காசு செலவழிக்காமல் இல்லை. தப்பான ஆள்மேல் செலவழித்தார்கள். 1972இல் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்டிலிருந்து இயன் ஸ்டோரி-மூரை சுமார் 2 லட்சம் பவுண்டுக்கு எடுத்தார்கள். அவரை அதற்குள் டெர்பி தன் ஆள் என்று ரசிகர்கள் முன் நிறுத்திக் கையசைக்கவே வைத்துவிட்டது, ஃபாரஸ்ட் கையெழுத்துப் போடாததால் யுனைடெட்டுக்கு வந்தார். நல்ல விங்கர்தான், கணுக்கால் விடவில்லை. அதே வருஷம் போர்ன்மத்திலிருந்து டெட் மெக்டூகல். இங்கிலாந்தின் நாக்அவுட் போட்டியான எஃப்.ஏ. கப்பில், ஒரே ஆட்டத்தில் மார்கேட்டுக்கு எதிராக 9 கோல் அடித்தவர். ஆனால் அவர் பெனால்டி பெட்டிக்குள் காத்திருந்து முடிக்கிற ஆள், பந்து அவரைத் தேடி வர வேண்டும். இங்கே பந்து கொண்டுபோகிறவர்களே ஓய்ந்துபோயிருந்தார்கள். 18 லீக் ஆட்டம், 5 கோல், சீசன் முடியும் முன்பே வெஸ்ட்ஹாமுக்குப் போய்விட்டார்.

ஓஃபாரல் வாங்கியதில் தேறிய தங்கம் ஒன்று உண்டு. அவரை நீ பட்டியலில் சேர்க்காததுதான் எனக்கு ஆறவில்லை: மார்ட்டின் புக்கன். 1972 மார்ச்சில் அபர்டீனிலிருந்து சுமார் 1,25,000 பவுண்டுக்கு வந்தார். அந்தப் பத்தாண்டின் ஆட்டக்காரர் யார் என்று கேட்டால் யோசிக்காமல் அவர் பெயரைச் சொல்வேன். 456 ஆட்டம். அபர்டீனுக்கு ஸ்காட்டிஷ் கப், யுனைடெட்டுக்கு எஃப்.ஏ. கப் என்று இரண்டையும் கேப்டனாக வாங்கிய முதல் ஆள். பந்தைக் கண்மூடி வெளியே அடிக்காமல், முன்கூட்டியே ஓட்டத்தைப் படித்து வெட்டி, நடுக்களத்துக்குக் கொடுத்து ஆட்டத்தைப் பின்னாலிருந்தே தொடங்குவார். அவர் பக்கத்தில் முதலில் நின்றது ஜிம் ஹோல்டன், மலை மாதிரி ஆள். 1974 டிசம்பரில் ஷெஃபீல்டு வெட்னஸ்டேயில் ஹோல்டனின் கால் முறிந்தது. பிறகு அந்த இடத்துக்கு, நடுக்கள ஆட்டக்காரரான பிரயன் கிரீனாஃபை, ஓஃபாரலுக்கு அடுத்து வந்த மேனேஜர் டாமி டாக்கர்ட்டி இறக்கினார். இப்போது நடுத்தற்காப்பில் நின்ற இரண்டு பேரும் உயரமில்லாதவர்கள், ஆனால் இருவருக்கும் பாஸ் கொடுக்கத் தெரியும். உயரப் பந்தில் அணி தடுமாறியதும், தரையில் வேகம் பிறந்ததும் இந்த ஒரே மாற்றத்தால்தான்.

டாக்கர்ட்டியின் மற்ற வேலைகளும் கவனிக்கத் தக்கவை. 1973 ஜனவரியில் செல்டிக்கின் லூ மக்காரி லிவர்பூலின் மைதானமான ஆன்ஃபீல்டுக்குப் பேச வந்திருந்தார், லிவர்பூலில் சேர்வதாகத்தான் இருந்தது. ஸ்டாண்டில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் டாக்கர்ட்டியின் உதவியாளர் பேடி கிரெராண்ட்! 2 லட்சம் பவுண்டுக்கு விஷயம் மாறிப்போனது. முன்களத்தில் திணறிய மக்காரியை இரண்டாம் டிவிஷன் சீசனில் நடுக்களத்துக்கு இறக்கினார்கள், அங்கே நிலைத்தார். ஹல் சிட்டியிலிருந்து ஸ்டூவர்ட் பியர்சன் வந்தார், கோல்பக்கம் முதுகு காட்டிப் பந்தைப் பிடித்து நிறுத்தி அடுத்தவருக்கு வைத்துக் கொடுப்பதில் கெட்டிக்காரர். 1974-75இல் முதலிடம் பிடித்து மேலே வந்தார்கள். இரண்டாம் டிவிஷனில் ஆடியும் சராசரி 48 ஆயிரம் பேர் பார்க்க வந்தார்கள். அந்த வருஷம் இங்கிலாந்திலேயே அதுதான் அதிகம்.

மலிவு விலையில் வந்த இரண்டு விங்கர்கள்தான் அடுத்த அத்தியாயம். டிரான்மியரிலிருந்து ஸ்டீவ் கோப்பல், சுமார் 60 ஆயிரம் பவுண்டு, அப்போது லிவர்பூல் பல்கலைக்கழகத்தில் பொருளாதாரம் படித்துக்கொண்டிருந்தார். 1975 நவம்பரில் மில்வாலிலிருந்து ஹில். வலப்பக்கம் கோப்பல் கோடு வரை ஓடி கிராஸ் போட்டுவிட்டு, பந்து பறிபோனால் அதே வேகத்தில் திரும்பி வந்து தன் ரைட்-பேக்குக்குத் துணை நிற்பார். ஹில் அப்படியில்லை. பந்து விழுமுன் இடக்காலால் வாலி அடிப்பார், 134 ஆட்டத்தில் 51 கோல், விங்கருக்கு அது அசாத்தியம். ஆனால் பின்னால் வரமாட்டார். அவர் விட்ட ஓட்டத்தை லெஃப்ட்-பேக் ஸ்டூவர்ட் ஹவுஸ்டனும் புக்கனும்தான் சுமந்தார்கள். பொறுக்க முடியாமல் ஒருமுறை ஆட்டத்துக்கு நடுவே புக்கன் அவர் காதில் ஒரு தட்டு தட்டினார். (பேரனிடம் சொல்லவேண்டியது இந்த இடம்தான். வாலியைக் கற்றுக்கொள்ளட்டும், ஓட்டத்தைக் கோப்பலிடம் கற்கட்டும்.)

கத்திக் கத்திப் பின்களத்தை நிறுத்தும் ஸ்டெப்னியையும் விட்டுவிடாதே. 1975 ஆகஸ்டில் பர்மிங்ஹாமில் தன் ஆட்களை அதட்டியதில் தாடையே நழுவிவிட்டது. கையுறையை மாட்டிக்கொண்டு கோலில் நின்றது பிரயன் கிரீனாஃப்.

1976 எஃப்.ஏ. கப் இறுதி ஆட்டத்தில் இரண்டாம் டிவிஷன் சவுத்தாம்ப்டனிடம் பாபி ஸ்டோக்ஸின் ஒரே கோலில் தோற்றார்கள். அடுத்த வருஷ இறுதியில் லிவர்பூலை 2-1 என்று வென்றார்கள். பியர்சன் அடித்தார், லிவர்பூலின் ஜிம்மி கேஸ் சமன் செய்தார், வெளியே போக இருந்த மக்காரியின் ஷாட் பிரயனின் அண்ணன் ஜிம்மி கிரீனாஃபின் நெஞ்சில் பட்டு உள்ளே திரும்பியது. மூன்று கோலும் 5 நிமிஷத்துக்குள். அந்த சீசனில் லீக்கையும் ஐரோப்பியக் கோப்பையையும் வென்ற லிவர்பூலுக்கு மூன்றாவது கோப்பை இப்படித்தான் போனது. ஹவுஸ்டன் காயம்பட்டதால் அன்று லெஃப்ட்-பேக்கில் நின்ற ஆர்தர் ஆல்பிஸ்டனுக்கு வயது 19.

டாக்கர்ட்டி அந்த ஜூலையிலேயே, அணியின் பிசியோதெரபிஸ்டுடைய மனைவியோடான உறவு வெளியே வந்ததும் போய்விட்டார். அடுத்து வந்த மேனேஜர் டேவ் செக்ஸ்டன் ஒழுங்கை விரும்புகிறவர். லீட்ஸிலிருந்து ஜோ ஜோர்டனையும், உயரக் குறையைத் தீர்க்க கோர்டன் மெக்குவீனையும் பெரும் காசுக்கு எடுத்தார். 1978 ஏப்ரலில், அந்த சீசனில் அதிக கோல் அடித்திருந்த ஹில்லை டெர்பிக்கு விற்றார். தற்காப்பு சீரானது, பார்க்கிற சுவை குறைந்தது. என் கட்சி ஹில் கட்சிதான், ஆனால் செக்ஸ்டனின் நியாயமும் புரிகிறது: 1979-80இல் 2ஆம் இடம் வந்தார்களே.

ஆக என் அணி: ஸ்டெப்னி; ஜிம்மி நிக்கல், பிரயன் கிரீனாஃப், புக்கன், ஹவுஸ்டன்; கோப்பல், மெக்கில்ராய், மக்காரி, ஹில்; பியர்சன், ஜிம்மி கிரீனாஃப். ரைட்-பேக்கில் மட்டும் நிக்கலா அலெக்ஸ் ஃபோர்சைத்தா என்று இழுபறி. ஃபோர்சைத்தின் ஷாட்டில் பலம் அதிகம், நிக்கலுக்கு நிதானம் அதிகம். கோப்பல் முன்னால் இருக்கும்போது ஃபோர்சைத் எதற்கு என்று நினைத்து நிக்கலைப் போட்டேன். உன் ஓட்டு யாருக்கு, எழுது.

அன்புடன்,
ராமு