பியானோவிலும் மனோதர்மம் உண்டு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கர்நாடக இசை மேதை செம்பை வைத்தியநாத பாகவதர் வாழ்ந்த பாலக்காட்டு மண்ணில், சித்தூரில் பியானோ கற்பித்துவரும் எனக்கு, மேற்கத்திய செவ்வியல் இசையில் மனோதர்மத்துக்கு, அதாவது அந்தக் கணத்திலேயே கற்பனை செய்து வாசிப்பதற்கு, இடமே இல்லை என்று ரசிகர்கள் சொல்வது வியப்பளிக்கிறது. மோட்சார்ட்டும் பீத்தோவனும் சபையிலேயே கற்பனையாக வாசித்தவர்கள். நவீன இசையமைப்பாளரான மெசியான், 1931 முதல் பாரிஸ் தேவாலயம் ஒன்றின் ஆர்கன் என்னும் இசைக்கருவியில் அவ்வாறே வாசித்துவந்தார்.

பியானோவில் கமகம் (ஸ்வரத்தை அசைத்து இசைப்பது) பேசாது என்பது மெய்தான். ஆனால் வலப்பக்கப் பெடலை மிதித்தபடி அடுத்தடுத்த நான்கைந்து கட்டைகளை மெல்ல அழுத்தினால், தட்டாத கம்பிகளும் சேர்ந்து அதிர, அந்த ரீங்காரத்திலிருந்தே அடுத்த சங்கதி (இசைத் தொடர்) பிறக்கும். சென்ற மழைக்காலத்தில் கட்டை ஒன்று ஒட்டிக்கொண்டபோது, என் மாணவி அதை வர்ஜ்ய ஸ்வரமாகவே (ராகத்தில் விலக்கப்பட்ட ஸ்வரமாகவே) பாவித்துக் கால்மணி நேரம் வாசித்தாள்! தேர்வுப் பாடங்களை மட்டுமே ஒப்பிக்க வைக்கும் என் போன்ற ஆசிரியர்கள், வகுப்பில் பத்து நிமிடமேனும் மனோதர்மத்துக்கு ஒதுக்க வேண்டும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
சித்தூர், பாலக்காடு மாவட்டம்.