குடியிருப்போர் நலச்சங்கச் செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–2025

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, பொதுக்குழுவிற்கு வருகை தந்துள்ள சங்க உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

தெருவிளக்கு, குடிநீர், பூங்கா பராமரிப்பு ஆகியவை தொடர்பான மனுக்களின் நிலை தனித்தாளில் உறுப்பினர்களுக்கு வழங்கப்பட்டுள்ளது. ஆண்டின் பெரும்பகுதியை எடுத்துக்கொண்டது குப்பைப் பிரச்சினையே என்பதால், இவ்வறிக்கையை அதற்கே ஒதுக்கச் செயற்குழு இசைவளித்தது.

சென்னைப் பெருங்குடிக் குப்பைக் கிடங்கின் அருகே வாழும் நமக்கு இது ஏட்டளவில் அறிந்த செய்தியன்று. 2022 ஏப்ரல் இறுதியில் கிடங்கு தீப்பற்றி நாள்கணக்கில் புகைந்ததை எவரும் மறந்திருக்க முடியாது. பழைய சோறும் காய்கறித் தோலும் காற்றுப்படாமல் ஆழத்தில் புதைந்து அழுகும்போது மீத்தேன் வாயு உண்டாகிறது; தீப்பொறி பட்டுவிட்டால், அதன்மேல் கிடக்கும் பிளாஸ்டிக்கே எரிபொருளாகிவிடுகிறது. ஆக, மக்கும் குப்பையும் மக்காத குப்பையும் ஒன்றாகக் கொட்டப்படுவதுதான் நெருப்புக்கு வழி வகுக்கிறது. அதே 2022-இல் ராம்சார் தலமாக, அதாவது உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக அறிவிக்கப்பட்ட பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தின் ஒரு பகுதியில்தான் இந்நகரின் குப்பை பல ஆண்டுகளாகக் குவிக்கப்பட்டது என்பது நம் அனைவருக்கும் வேதனை தரும் உண்மையாகும். பழைய குப்பையைத் தோண்டிச் சலித்துப் பிரிக்கும் பணியால் நிலம் மீட்கப்பட்டு வருவதைச் சங்கம் மனமார வரவேற்கிறது.

தரம் பிரித்துக் கொடுக்கும் பழக்கத்தை வீடுதோறும் கொண்டுசெல்லும் பொறுப்பை இவ்வாண்டு மகளிர் குழுவினர் ஏற்றனர். அவர்கள் கவனித்துச் சொன்னவை நுட்பமானவை. பால் பாக்கெட்டின் முனையை முழுவதுமாகக் கத்தரித்து எறிந்தால், அந்தச் சிறு துண்டை யாராலும் பொறுக்கி எடுக்க இயலாது. அது கால்வாய்க்குப் போய், மழைக்காலத்தில் சதுப்புநிலத்தின் வடிகாலான ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாயை அடைந்து கடலில் கலக்கிறது. முனை ஒட்டிக்கொண்டிருக்கும்படி வெட்டி, கழுவி, காயவைத்த பாக்கெட்டையோ பழைய பொருள் கடைக்காரர் எடைபோட்டு வாங்கிக்கொள்கிறார். சாம்பார் ஊற்றிய கவர் ஒன்று கலந்தாலும் அந்தக் கூடையிலுள்ள மொத்தமும் விலை போகாமல் கிடங்குக்குச் சென்றுவிடுகிறது. குழந்தைகளின் டயப்பரும் சானிட்டரி நாப்கினும் பிரிக்காத குப்பையோடு வரும்போது, தூய்மைப் பணியாளர்கள் அவற்றை வெறும் கையால் எடுக்க நேரிடுகிறது. இது தொடர்வது நமக்கு அழகல்ல. இவற்றைச் செய்தித்தாளில் சுற்றித் தனியே கொடுக்குமாறு மீண்டும் கேட்டுக்கொள்கிறேன்.

எனினும், நாம் எவ்வளவு பிரித்தாலும் தீராத ஒரு பகுதி இருக்கிறது. சிப்ஸ், பிஸ்கட், ஷாம்பூ, மசாலா ஆகியவற்றின் பளபளப்பான உறைகளில் பிளாஸ்டிக்கும் அலுமினியமும் பல அடுக்குகளாக ஒட்டப்பட்டிருப்பதால், அவற்றைப் பிரித்து மீண்டும் பயன்படுத்துவது கடினம். பழைய பொருள் கடையில் வாங்குவாரில்லை. மிஞ்சினால் சிமெண்ட் ஆலைச் சூளைக்கு எரிபொருளாகப் போகின்றன. பொருளைச் சந்தைக்குக் கொண்டுவந்த நிறுவனத்துக்கே உறையைத் திரும்பப் பெறும் கடமையும் உண்டு என்று 2016-ஆம் ஆண்டின் பிளாஸ்டிக் கழிவு மேலாண்மை விதிகள் கூறுகின்றன. அந்த உறைகளை இங்கு வந்து திரும்ப எடுத்துச் செல்பவர் எவரையும் இந்த ஆண்டில் நாம் காணவில்லை. குப்பையைக் குறைக்கும் பாரம் முழுவதையும் குடும்பப் பெண்கள்மீதும் தூய்மைப் பணியாளர்மீதும் ஏற்றிவிட்டு, உற்பத்தியாளர் ஒதுங்கிக்கொள்வது நியாயமாகாது என்பது செயற்குழுவின் உறுதியான கருத்து.

உலக அளவிலும் முட்டுக்கட்டை இங்கேதான் விழுகிறது. ஆண்டுதோறும் 40 கோடி டன்னுக்கு மேல் பிளாஸ்டிக் உற்பத்தியாகிறது. கழிவாகும் பிளாஸ்டிக்கில் ஏறத்தாழ 9 விழுக்காடுதான் மறுசுழற்சிக்குள்ளாகிறது. பிளாஸ்டிக் மாசைத் தடுக்கும் உலக ஒப்பந்தத்தை 2024 முடிவதற்குள் உருவாக்க வேண்டும் என 2022 மார்ச்சில் நைரோபியில் தீர்மானித்த நாடுகள், தென்கொரியாவின் பூசான் நகரில் 2024 டிசம்பர் தொடக்கத்தில் உடன்பாடின்றிக் கலைந்தன. உற்பத்தியையே கட்டுப்படுத்துவதா, கழிவை மட்டும் கையாள்வதா என்பதில்தான் பிளவு.

தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல், தடிமன் எதுவாயினும் பிளாஸ்டிக் தூக்குப் பைகளுக்கும், பிளாஸ்டிக் பூச்சுள்ள காகிதக் குவளைகளுக்கும் தடை உள்ளது. எனவே சங்க விழாக்களில் எவர்சில்வர் தம்ளர்களே பயன்படுத்தப்பட்டன. அவற்றைக் கழுவி அடுக்கிய இளைஞர்களுக்கு நன்றி. போகிக்கு முன்பாக டயர், பிளாஸ்டிக் எரிக்க வேண்டாமென வீடுவீடாகக் கேட்டுக்கொண்டோம். பெரும்பாலோர் ஒத்துழைத்தனர், சிலர் எரிக்கத்தான் செய்தனர்.

பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு இரண்டு தீர்மானங்களை முன்வைக்கிறேன். பல அடுக்கு உறைகளை வாரம் ஒருமுறை தனியே சேகரித்து, அவற்றைத் திரும்பப் பெறுமாறு உரிய நிறுவனங்களுக்கும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திற்கும் எழுதுவது முதலாவது. நம் பகுதித் தூய்மைப் பணியாளர்களுக்குக் கையுறையும் காலணியும் சங்க நிதியிலிருந்து வாங்கித் தருவது இரண்டாவது. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் அடுத்து வாசிப்பார்.

இப்படிக்கு,
செயலாளர்