வாக்குச்சாவடிக்குப் போவது விசுவாசக் குறைவா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கடந்த ஞாயிறு ஆராதனை முடிந்து ஆலய முற்றத்தில் தேநீர் அருந்திக்கொண்டிருந்தபோது, வேதபாட வகுப்புக்குத் தவறாமல் வரும் இளைஞர் ஒருவர், "ஐயா, நம்முடைய குடியிருப்பு பரலோகத்தில் இருக்கும்போது இங்கே யார் ஆண்டால் நமக்கென்ன? நான் ஓட்டுப் போடப் போவதில்லை" என்றார். அவர் சோம்பேறியும் அல்லர், விவரம் அறியாதவரும் அல்லர். ஜெபித்து எடுத்த முடிவு என்றே சொன்னார். பினாங்கில் மட்டுமன்றிக் கோலாலம்பூரில் உள்ள உறவினர்களின் சபைகளிலும் இதே பேச்சைக் கேட்டிருப்பதால், அன்று அவருக்குச் சொன்னதையும் சொல்லாமல் விட்டதையும் தங்கள் நாளிதழ் வழியாக எழுத விரும்புகிறேன்.

அவர் மேற்கோள் காட்டிய வசனம் பவுல் அப்போஸ்தலர் பிலிப்பி பட்டணத்துச் சபைக்கு எழுதியது. அந்தப் பட்டணத்திலேயே பவுலுக்கு என்ன நடந்தது என்பதை அப்போஸ்தலர் நடபடிகள் 16ஆம் அதிகாரம் விவரிக்கிறது. விசாரணையின்றி அவரையும் சீலாவையும் அடித்துச் சிறையில் போட்ட அதிகாரிகள், மறுநாள் காலையில் சேவகரை அனுப்பி இரகசியமாக விடுவிக்கப் பார்த்தபோது, தாங்கள் ரோமக் குடிமக்கள் என்றும் அதிகாரிகளே நேரில் வந்து வெளியே அழைத்துச் செல்ல வேண்டும் என்றும் பவுல் பிடிவாதமாக நின்றார். அவர்களும் பயந்துபோய் வந்து கெஞ்ச வேண்டியதாயிற்று. பின்னர் எருசலேமில் தம்மைச் சாட்டையால் அடிக்கக் கட்டியபோதும் அதே குடியுரிமையைச் சொல்லித் தடுத்தார்; செசரியாவில் ரோமப் பேரரசனாகிய இராயனுக்கே மேல்முறையீடு செய்தார். பரலோகக் குடியிருப்பைப் பற்றி எழுதிய கைக்கு உலகக் குடியுரிமை தீட்டாகத் தெரியவில்லை. தம் பாதுகாப்புக்காக மட்டுமே பவுல் இதைச் செய்தார் என்று நான் எண்ணவில்லை. அவருக்குப் பின் அந்த ஊரில் தங்கப்போகிற புதிய விசுவாசிகளை இனி எவரும் நினைத்தபடி அடித்துவிட முடியாது என்பதும் அந்தப் பிடிவாதத்தில் அடங்கியிருக்கிறது.

மனச்சாட்சியின் பேரில் அரசியலிலிருந்து முற்றாக ஒதுங்கும் கிறிஸ்தவர்கள் இல்லாமல் இல்லை. 16ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவின் அனபாப்டிஸ்டுகள் என்ற கிறிஸ்தவப் பிரிவினர், 1527இல் சுவிட்சர்லாந்தின் ஷ்லைட்ஹைமில் கூடி, வாளேந்தும் அரச பதவி கிறிஸ்தவனுக்குரியது அல்ல என்று அறிக்கையிட்டார்கள். அவர்களில் பலர் தங்கள் விசுவாசத்துக்காக உயிரையும் கொடுத்தார்கள். அவர்களோடு எனக்குக் கருத்து வேறுபாடு உண்டு, அவமதிப்பு இல்லை. நம்முடைய நிலை அப்படியா? ஆலய நிலத்துக்குப் பட்டா வேண்டும், கூரையை உயர்த்த ஊராட்சி மன்றத்தின் அனுமதி வேண்டும், கல்லறைக்கு இடம் வேண்டும், பிள்ளைகளுக்கு அரசாங்கக் கல்விக் கடன் வேண்டும். 1976ஆம் ஆண்டுத் திருமணச் சட்டத்தின் கீழ் துணைப் பதிவாளராக நியமிக்கப்பட்ட போதகர்கள், பீடத்தின் அருகிலேயே அரசாங்கப் பதிவேட்டில் மணமக்களைக் கையெழுத்திடச் செய்கிறார்கள். அரசாங்கத்தின் கையை ஆண்டு முழுவதும் பற்றிக்கொண்டிருந்துவிட்டு, வாக்களிப்பு நாளில் மட்டும் கையை உதறிக்கொள்வதைப் பரிசுத்தம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"அரசியல் ஒரு சாக்கடை" என்று சொல்லி ஒதுங்குகிறவர்கள் நியாயாதிபதிகள் புத்தகத்தில் யோத்தாம் சொன்ன கதையை ஒருமுறை வாசிக்கலாம். அரசனைத் தேடிப் போன மரங்களுக்கு ஒலிவமரமும் அத்திமரமும் திராட்சைக்கொடியும் ஆளுக்கொரு நல்ல காரணம் சொல்லி மறுத்துவிட, கடைசியில் வந்து அமர்ந்தது முட்செடி. நம் நாட்டிலேயே மறுக்காத ஒருவர் இருந்தார். மருத்துவரும் மெதடிஸ்ட் சபையைச் சேர்ந்தவருமான டாக்டர் டான் சீ கூன், 1964 முதல் 1978 வரை கோலாலம்பூர் வட்டாரத் தொகுதிகளின் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்து, 'மிஸ்டர் ஆப்போசிஷன்' என்று பெயர் வாங்கினார். அவர் தம் சபைக்காகப் பேசியவர் என்று எவரும் நினைவுகூர்வதில்லை. ஏழைகளுக்காகப் பேசியவர் என்றே நினைவுகூர்கிறார்கள்.

ஆனால் பிரசங்க பீடம் வேறு. எந்த வேட்பாளருக்கு வாக்களிக்க வேண்டும் என்று போதகர் பீடத்திலிருந்து சொல்வதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். கத்தோலிக்கத் திருச்சபை இந்த எல்லையைத் தெளிவாக வகுத்திருக்கிறது. பொதுநிலையினர் வாக்களிப்பதைக் கடமை என்று போதிக்கும் அதே திருச்சபை, ஆட்சி அதிகாரம் செலுத்தும் பதவிகளைக் குருக்கள் ஏற்பதைத் தன் சட்டத் தொகுப்பில் தடை செய்கிறது. நம் நாட்டின் 1954ஆம் ஆண்டுத் தேர்தல் குற்றச் சட்டமும், ஆன்மிகக் கேடு வரும் என்று வாக்காளரை மிரட்டுவதைத் தகாத வற்புறுத்தலாகவே கருதுகிறது. வேட்பாளர்கள் தேர்தல் நெருங்கும்போது மட்டும் முன்வரிசையில் வந்து உட்காருவதையும், அவர்களுக்கு நாம் பொன்னாடை போர்த்துவதையும் நிறுத்திக்கொண்டால் இன்னும் நல்லது.

நாம் சிலரே, நம் வாக்கால் என்ன ஆகிவிடும் என்ற கேள்வியும் உண்டு. 2020ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி கிறிஸ்தவர்கள் 9.1 விழுக்காட்டினர், அவர்களிலும் பெரும்பாலோர் சபா, சரவாக்கில் வாழ்கிறார்கள். தீபகற்பத்தின் தமிழ்க் கிறிஸ்தவர்கள் சிறுபான்மைக்குள் சிறுபான்மை என்பது உண்மைதான். இருந்தாலும் 2022 நவம்பர் 19 அன்று நடந்த 15ஆவது பொதுத்தேர்தலில் பாகான் டத்தோ நாடாளுமன்றத் தொகுதியின் வெற்றி வெறும் 348 வாக்கு வித்தியாசத்தில் தீர்ந்தது. கிறிஸ்துமஸ் ஆராதனைக்கு அவ்வளவு பேர் கூடும் சபைகள் இந்தத் தீவிலேயே இருக்கின்றன.

அந்த இளைஞரிடம் அன்று நான் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. எங்கள் சபையில் எழுபது வயதைக் கடந்த அம்மா ஒருவர் இருக்கிறார். பிறந்தது இந்த நாட்டின் ரப்பர் தோட்டத்தில். பால்மரம் வெட்டியே பிள்ளைகளை வளர்த்தார். பிறப்பைப் பதிவு செய்த தாள் கையில் இல்லாததால் இன்றுவரை குடியுரிமை இல்லாத நிரந்தரவாசிகளுக்குரிய சிவப்பு அடையாள அட்டையோடுதான் இருக்கிறார். பலமுறை விண்ணப்பித்தும் குடியுரிமை கிடைக்கவில்லை. தேர்தல் நாளில் பேரப்பிள்ளைகளோடு வாக்குச்சாவடி வாசல்வரை வருவார். அவர்கள் வெளியே வந்ததும் மை வைத்த விரலைப் பிடித்துப் பார்ப்பார். 2019இல் அரசியலமைப்புத் திருத்தப்பட்டு, 2021 டிசம்பர் 15 முதல் 18 வயது நிரம்பிய குடிமக்கள் தாமாகவே வாக்காளராகப் பதிவாகிவிடுகிறார்கள். கேட்காமலே கிடைத்த உரிமையை அந்த இளைஞர் ஒதுக்குகிறார். கேட்டும் கிடைக்காதவர் அதே ஆலயத்தில் அவருக்கு இரண்டு வரிசை முன்னால் அமர்ந்திருக்கிறார்.

இறுதியாகத் தங்களுக்கு ஒரு வேண்டுகோள். தானியங்கிப் பதிவில் அடையாள அட்டையின் முகவரியே தொகுதியைத் தீர்மானிப்பதால், பினாங்கு முகவரியை வைத்துக்கொண்டு கோலாலம்பூரில் வேலை செய்யும் நம் பிள்ளைகள் பலர் பயணச் செலவுக்குத் தயங்கி வாக்களிக்காமல் போகிறார்கள். முகவரியையும் தொகுதியையும் எப்படி, எவ்வளவு காலத்துக்கு முன்பே மாற்றிக்கொள்ள வேண்டும் என்ற விவரத்தைத் தேர்தல் ஆணையத்திடம் கேட்டுத் தமிழில் தாங்கள் வெளியிட்டால், அந்தப் பக்கத்தை வெட்டி எங்கள் ஆலய அறிவிப்புப் பலகையில் ஒட்டி வைக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியர், சபை மூப்பர்,
பினாங்கு